கடைசியில் வைத்த ஃபைல்

கணினியில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் அகர வரிசையில் நிற்கும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. எங்கள் குடும்பத்துப் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் முதன்முதலாக லேப்டாப்பில் ஏற்றியபோது, எங்கள் மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அம்முலுவின் ஆதார் நகல் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. என் தகப்பனார் முத்துகிருஷ்ணன் எங்கோ கீழே கிடந்தார். இயந்திரத்துக்கு முறை தெரியாது, நாம்தான் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எண் போட்டேன். 01 தகப்பனார். 02 நான். 03 என் மனைவி கோவிந்தம்மாள். 04 மகன் விஜய். அம்முலுவுக்கு 60 கொடுத்தேன். அதன் பிறகு எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது.

நடந்ததை எழுதித் தரும்படி போலீஸ் ஸ்டேஷனில் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. டைப் செய்து தருகிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. காவாந்தண்டலத்தில் நான்கு தலைமுறையாக நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பம். ஊரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்தால் எங்கள் பெயரை எந்த இடத்தில் போடுவது என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை. அவர்களுக்கே தெரியும்.

லேப்டாப் என் மகள் சசிரேகாவுடையது. கல்லூரியில் படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. ஃபைல்களைப் படமாகக் காட்டலாம், பட்டியலாகக் காட்டலாம், தேதிப்படியோ அளவுப்படியோ மாற்றி அடுக்கலாம் என்பதையெல்லாம் அவள்தான் எனக்குக் காட்டினாள். மெயில் முகவரியும் அவள் உண்டாக்கித் தந்ததுதான். எட்டு வருடத்துக்கு முன்பு காலனியைச் சேர்ந்த தானியேலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். தானியேலின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள்.

நான் கத்தவில்லை. ஆள் அனுப்பவில்லை. நாங்கள் அந்த மாதிரிக் குடும்பம் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தேன். அவளுடைய கல்லூரிப் படம், அதன் கீழே பிறந்த தேதி, மறைந்த தேதி. பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் கருமாதி செய்து தலை முழுகினோம். விஜய் அழுதான். இனி அவளோடு பேசுவதில்லை என்று அவனைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தான். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான். கொடுத்த வாக்கைக் கடைசி வரைக்கும் காத்தான். அந்த வகையில் அவன் என் பிள்ளை.

அன்று மாலை 05ஆம் எண்ணில் இருந்த அவளுடைய சான்றிதழ்களை ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்தேன். நான் எதையும் அழிப்பதில்லை. ஒன்றை எடுத்தால் அந்த இடம் காலியாக நிற்பதில்லை, கீழே இருப்பவை மேலே நகர்ந்து வந்துவிடுகின்றன. அது எனக்குப் பிடித்திருந்தது. மறு வருடம் கோவிந்தம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

போன வருடம் ஐப்பசியில் விஜய்க்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்று தெரிந்தது. முப்பத்தைந்து வயது. வாரத்தில் இரண்டு நாள் காஞ்சிபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவான். சென்னையில் ஒரு மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்றார்கள். 'விஜய் மருத்துவம்' என்று தனி ஃபோல்டர் திறந்து, ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து அடுக்கினேன். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பார்த்து டாக்டர், "பெரியவரே, எங்க ஆபீஸ்ல கூட இப்படி அடுக்கி வெச்சதில்ல. நீங்க இங்க வேலைக்கு வந்துடுங்க" என்றார்.

அவர்தான் விளக்கினார். "இந்த ரிப்போர்ட்ல ஆறு வரி இருக்கு பாருங்க. உங்களுக்கும் பையனுக்கும் மூணு ஒத்துப்போகுது. ஆனா உங்க வயசுக்கும் சர்க்கரைக்கும் உங்ககிட்ட எடுக்க முடியாது. மருமகளுக்கு ரத்த வகையே வேற. கூடப் பொறந்தவங்க யாராவது இருந்தா ஆறும் ஒத்துப்போறதுக்கு வாய்ப்பு உண்டு. இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு இருந்தா. தவறிட்டா" என்றேன்.

விஜய் பக்கத்து நாற்காலியில் இருந்தான். என்னைப் பார்த்தான். பிறகு தன் கையில் ஊசி குத்தி வீங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதிவு செய்து காத்திருங்கள் என்று சொல்லி டாக்டர் எங்களை அனுப்பினார்.

தை மாதம் சசிரேகாவிடமிருந்து மெயில் வந்தது. டயாலிசிஸ் வார்டில் விஜயைப் பார்த்த யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

"நைனா, அண்ணனுக்கு இப்டினு கேள்விப்பட்டேன். எனக்கும் அதே ரத்தம்தான். டெஸ்டு எல்லாம் எடுத்துட்டேன், ரிப்போர்ட்டு இதுல கீது. எந்த ஆஸ்பத்திரினு மட்டும் சொல்லு. வூட்டுப் பக்கம் வரமாட்டேன். குடுத்துட்டு அப்டியே போயிடறேன். போஸ்டர்ல செத்தவ செத்தவளாவே இருக்கட்டும். செத்தவங்ககிட்டேர்ந்து கூட கிட்னி எடுத்து வெக்கிறாங்களாம் நைனா."

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய்த்துடுக்கு உண்டு.

திரையில் இரண்டு ஃபைல்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். இடது பக்கம் விஜயின் ரிப்போர்ட்டை வைத்தேன், வலது பக்கம் அவளுடையதை. முதல் வரி ஒன்றாக இருந்தது. இரண்டாவதும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஆறும் ஒன்றுதான். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் யோசிக்காமல் எதையும் செய்யவில்லை. மூன்று நாள் யோசித்தேன். அவளுடைய சிறுநீரகத்தை வாங்கினால் விஜய் பிழைப்பான். பிழைத்தவன் தங்கையைப் பார்க்காமல் இருப்பானா? அவள் வருவாள், அவளோடு தானியேல் வருவான், அவனைப் பெற்றவர்கள் வருவார்கள். விஜயின் மகள் நிஷா அவனை மாமா என்று கூப்பிடுவாள். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிச் சொன்ன ஒரு சொல், பொய்யாகிப் போகும். விஜயை விடப் பெரியது எதுவும் எனக்கு இருந்ததில்லை. குடும்பம் மட்டும்தான்.

நான் அந்த ரிப்போர்ட்டை அழிக்கவில்லை. இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். விஜய் மருத்துவம் ஃபோல்டரிலேயே வைத்தேன். '99 பழைய எக்ஸ்ரே' என்று பெயர் கொடுத்தேன். பிறகு ஃபைல்கள் பெரிய படமாகத் தெரியும்படி மாற்றினேன். அப்போது முதல் பன்னிரண்டு மட்டும்தான் திரையில் நிற்கும், மற்றவற்றைப் பார்க்கக் கீழே தள்ள வேண்டும். தள்ளிப் பார்த்திருந்தால் யாரும் பார்த்திருக்கலாம். அடுத்த முறை பென் டிரைவில் அதையும் சேர்த்துத்தான் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பட்டியலைக் கீழே வரை ஓட்டினார். பழைய எக்ஸ்ரேயை யார் திறக்கப் போகிறார்கள்.

மாசியில் ஒரு மெயில், பங்குனியில் ஒரு மெயில். ஒருநாள் வீட்டுக்கே போன் செய்தாள். "நைனா" என்றாள். "யாரும்மா நீ? ராங் நம்பர்" என்றேன். அவள் போனை வைக்கவில்லை. நானும் உடனே வைத்துவிடவில்லை.

விஜய் டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்தவுடன் ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றுதான் கேட்பான்.

"நைனா, மெயில் எதுனா வந்துச்சா?"

"ஆஸ்பத்திரிலேர்ந்துதான்டா."

"வேற?"

"வேற இன்னா வரணும்?"

"இல்ல நைனா, சும்மா கேட்டேன்."

அவள் பெயரை அவன் சொல்லவில்லை. சத்தியத்தை மீறவில்லை. ஆனி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, காஞ்சிபுரம் போகும் வழியில், காரிலேயே போய்விட்டான். தலை என் மடியில் இருந்தது.

வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டி மருமகள் வளர்மதி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். இறப்புச் சான்றை அந்த ஃபோல்டரில்தான் வைத்திருந்தேன். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அரசாங்க இணையதளம் ஃபைலை ஏற்காது. எது எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்காக அவள் அளவுப்படி அடுக்கினாள். ஒரே ஒரு தட்டு. கடைசியில் இருந்தது மேலே வந்துவிட்டது.

"இன்னா மாமா, பழைய எக்ஸ்ரே இவ்ளோ பெருசா கீது? அழிச்சிடட்டா?" என்று கேட்டுக்கொண்டே திறந்தாள்.

நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். எழுந்து மூடியிருக்கலாம். எழவில்லை. அவள் மெதுவாகப் படித்தாள். பெயரைப் படித்தாள். தேதியைப் படித்தாள். விஜயின் ரிப்போர்ட்டைத் தானே தேடி எடுத்து, நான் வைத்ததைப் போலவே, பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது எப்போ வந்துச்சு மாமா?"

"தை மாசம்."

"அவுரு பார்த்தாரா?"

"இல்ல."

அவள் அழவில்லை. அன்றைக்கே நிஷாவைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். பிறகு சசிரேகாவும் அவளுமாகச் சேர்ந்து உங்களிடம் வந்து புகார் கொடுத்தார்கள். எந்தப் பிரிவில் போடுவது என்று நீங்கள் தாளைப் புரட்டியதைப் பார்த்தேன். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் எதையும் விடாமல் எழுதுகிறேன். வரிசையை மாற்றி வைத்தவன் நான். மாற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தே மாற்றினேன்.

இப்போது வீட்டில் நான் மட்டும். அம்முலுவும் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாடுகளை விற்றுவிட்டேன். காலையில் எழுந்ததும் லேப்டாப்பைத் திறக்கிறேன். திறந்ததும் அதில் சசிரேகா என்று பெயர் வருகிறது, அவள் அன்று போட்டுக்கொண்ட பெயர். அதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியும். சில நாள் அதற்கு மேல் உள்ளே போகாமல், திரை தானாக அணையும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வளர்மதி போவதற்கு முன்னால் பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாமா. ஒத்துப்போவலைனு வந்திருந்தா, அப்போ அவருகிட்ட காட்டியிருப்பீங்களா?"

நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கே காட்டியிருப்பேன்மா."

ஒத்துப்போகாத ரிப்போர்ட் என்றால் யாரும் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. தங்கை தன்னை நினைத்துக்கொண்டாள் என்ற ஆறுதலாவது அவனுக்குக் கிடைத்திருக்கும். அந்த ஆறுதலை அவனுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று நான் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும். அதையும் அவளிடம் சொன்னேன். அவள் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.