கூப்பாட்டு வாசல்

மில்லுச் சங்கு ஊதினாத்தான் இந்த டவுனுக்குப் பொழுதே விடியும்னு இருந்த காலமாம். அப்ப நம்ம இருளச் சனம் இந்த டவுனுக்குள்ள நிறையப் பேரு இருந்தாங்களாம். ஆனா யாரைக் கேட்டாலும் இல்லைம்பாங்களாம். ஏன்னா அத்தனை பேரும் ஒளிஞ்சிருந்தாங்களாம்.

எங்க ஒளிஞ்சாங்கன்னு கேளுங்க. பேருக்குள்ள ஒளிஞ்சாங்க.

மலையில காட்டை அடைச்சுட்டாங்க. புனம் வெட்டி வெதைக்கக் கூடாது, கிழங்கு தோண்டக் கூடாதுன்னுட்டாங்க. சனம் கீழே இறங்கி வந்துச்சு. வந்து வீடு கேட்டா, "நீங்க என்ன ஆளுக?"ன்னு முதல் கேள்வி வரும். இருளருன்னு சொன்னா கதவைச் சாத்திக்குவாங்க. அதனால வேற சாதியைச் சொல்லிக்கிட்டாங்க, வேற பேரை வெச்சுக்கிட்டாங்க. நம்ம பேச்சை வாசப்படிக்கு வெளியே பேசுறதில்லை. ரோட்டுல நம்ம ஆளு எதிர்ல வந்தா, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவாங்களாம்.

அப்படி இருந்தவதான் நஞ்சி. அவளை அவ, இவன்னுதான் நாங்க சொல்லுவோம், சாமியைச் சொல்றாப்பல. கடுக்கம்பதிக்காரி; மலையில நம்ம ஊருகளைப் பதின்னுதான் சொல்லுவோம். எங்கப்பாவுக்குப் பெரியம்மா முறை. மில்லுல கழிவுப் பஞ்சு பொறுக்குற வேலை. புருசன் ரங்கன் அதே மில்லுல சுமை தூக்கறவன். டவுன்ல அவ பேரு நாகரத்தினம், அவன் பேரு ரங்கசாமி. வாடகைக்கு லைன் வீடு, ஓட்டு வீடு, குழாய் பக்கத்துலயே. அந்தக் காலத்துல அது பெரிய வசதி.

நஞ்சிக்கு ஒரு தம்பி, மல்லன். அவனும் மலையிறங்கி ரோட்டு வேலைக்கு வந்தான். அக்கா வீட்டுக்கு வந்தவன்கிட்ட அவ என்ன சொன்னாளாம்? "தம்பி, இங்க வராதடா. உன் பேச்சுலயே கண்டுபுடிச்சுருவாங்க. உன்னை யாரு கேட்டாலும் இருளன்னு சொல்லாத." அவனும் சரிக்கான்னு போயிட்டான்.

போனவனுக்குக் காய்ச்சல் வந்துச்சு. கூட வேலை செஞ்சவங்க ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுட்டு, வேலை வேற பக்கம் நகரவும் போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில பேரு கேட்டாங்க. அக்கா சொன்னது மனசுல நின்னுச்சு, ஏதோ ஒரு பேரைச் சொன்னான். ஊரு கேட்டதுக்கு வாயே திறக்கலை. சேதி காதுக்கு எட்டி நஞ்சி ஓடுறதுக்குள்ள அவன் செத்து, கேட்க ஆளில்லாத பொணம்னு புதைச்சும் முடிஞ்சுபோச்சு.

அந்த வார்டுல எஸ்தர்னு ஒரு நர்சம்மா. நல்ல மனசுக்காரி. அவங்க நஞ்சியை உக்கார வெச்சுச் சொன்னாங்களாம்:

"கடைசி வரைக்கும் என்னமோ பேசிக்கிட்டே இருந்தான்மா. எங்க யாருக்கும் புரியலை. தண்ணி கேட்டானா, ஆளைக் கேட்டானான்னு தெரியலை. ஜன்னலைப் பார்த்தே பேசுனான்."

நஞ்சிக்கு அங்கயே உசிரு பாதி போச்சு. நம்மள்ல ஒருத்தன் செத்தா கொகல் குழல் ஊதாம, மேளம் அடிக்காம, சுத்தி நின்னு ஆடாம அனுப்புவமா? அவனை வெறும் மண்ணுல தள்ளிட்டாங்க. தள்ளுனவங்களைக் குத்தம் சொல்ல அவளுக்கு வாய் வரலை. அவன் வாயைக் கட்டுனதே அவதானே.

வீட்டுக்கு வந்து சோறு இறங்காம கிடந்தா. ரங்கன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவ ஒண்ணைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாளாம்: "ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு நம்ம பேச்சுல அவன்கிட்ட என்னடான்னு கேட்டிருக்கலாம்."

அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நோயாளியைப் பார்க்க விடுற நேரம். நஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போனா. கிழக்கு வாசல்ல கூட்டமான கூட்டம். பூ விக்கறவங்க, தூக்குப்போசியோட நிக்கிற சொந்தக்காரங்க. அத்தனை பேரு நடுவுல நின்னுக்கிட்டு, நம்ம பேச்சுல, உரக்கக் கூப்பிட்டா:

"நான் கடுக்கம்பதி நஞ்சி. மலை மக்க யாராச்சும் உள்ள இருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க. நான் வந்திருக்கேன்."

யாரும் பதில் சொல்லலை. பூக்காரி திரும்பிப் பார்த்தா. வாட்ச்மேன் வந்து, போ போன்னான். அவ வார்டு வராண்டாவுக்குப் போய் இன்னொரு தரம் கூப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்தா.

மறு வாரமும் போனா. அதுக்கு மறு வாரமும் போனா. பதில் வரலை. ஆனா சேதி வெளிய போயிருச்சு. வீட்டுக்காரம்மாவோட சொந்தக்காரர் ஒருத்தர் அந்த வார்டுல படுத்திருந்தாராம்.

வீட்டுக்காரம்மா வந்து வாசல்ல நின்னாங்க. "நீ நாகரத்தினமா, நஞ்சியா? நிசத்தைச் சொல்லு."

ரங்கன் பின்னாடி நின்னு கண்ணைக் காட்டுறான், மாத்திச் சொல்லுன்னு. மாத்திச் சொல்லியிருந்தா அந்தம்மா நம்பியிருப்பாங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நஞ்சி புருசன் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தா. அப்புறம் சொன்னா:

"நஞ்சிங்க. கடுக்கம்பதி. இருளருங்க."

அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சட்டி பானையெல்லாம் தெருவுல. மில்லுக்குப் பின்னாடி பாய்லர் சாம்பல் கொட்டுற மேடு ஒண்ணு இருந்துச்சு, கரிமேடு. அங்க போய்ச் சேர்ந்தாங்க. ரங்கன் தகரமும் கோணிச்சாக்கும் தேடிக் கொண்டாந்து ஒரு குடிசையைப் போட்டான். போட்டு முடிச்சுட்டு, "ஒரு வார்த்தையில வீட்டைத் தொலைச்சுட்டயே"ன்னான். அதோட பொண்டாட்டிகிட்டப் பேச்சை நிறுத்திட்டான்.

நஞ்சி ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கிளம்பிருவா.

அப்படி ஒருநாள் பொம்பளைங்க வார்டு வராண்டாவுல நின்னு கூப்பிட்டா. கூப்பிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, திரும்புற நேரம். கடைசிக் கட்டில்ல இருந்து ஒரு குரல், கெணத்துக்குள்ள இருந்து வர்றாப்பல.

"வேங்கப்பதி."

அப்ப இந்த வார்டுக்கு மாறி வந்திருந்த எஸ்தரம்மா கையில வெச்சிருந்த தட்டைக் கீழே வெச்சுட்டாங்களாம். ஏன்னா அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்ததுல இருந்து வாயே திறக்கலை. பேரு செல்லி. பிரசவத்துக்குக் கொண்டாந்தாங்க, புள்ளை செத்துப் பொறந்துச்சு. புருசன் பேரு காளான், அவன் குடியில விழுந்து எங்கயோ போயிட்டான். இவ சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை, கேட்டா பதில் இல்லை. புத்தி பேதலிச்சுப்போச்சு, தூரத்துல இருக்குற பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரலாம்னு முடிவு பண்ணியிருந்தாங்க.

நஞ்சி கட்டிலண்டை போய் உக்காந்தா. அழாதேன்னு சொல்லலை, ஆறுதலும் சொல்லலை. உங்கம்மா யாரு, உங்க குலம் எது, உங்க பதி மூப்பன் யாருன்னு கேட்டா. செல்லி ஒவ்வொண்ணா சொன்னா. கேட்டுக்கிட்டே வந்து நஞ்சி சொன்னாளாம்: "அப்படின்னா நீ எனக்கு மக முறை ஆகுதே." செல்லி அவ சேலை நுனியைப் புடிச்சுக்கிட்டா. மணி அடிச்சு வெளிய போகச் சொன்னப்பவும் விடலை.

எஸ்தரம்மா டாக்டர்கிட்டப் போனாங்க. "இது பைத்தியமில்லை டாக்டர். பேச ஆளில்லாம இருந்திருக்கா." டாக்டர் சொன்னாரு: "நீங்க சொல்றது சரியாவும் இருக்கலாம். ஆனா அவ உடம்பு தாங்காதும்மா. கொஞ்ச நாள் பார்க்கிறேன். சாப்பிட ஆரம்பிச்சா இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா அனுப்பித்தான் ஆகணும்."

தினமும் ஆளு வேணும். நஞ்சிக்கு மில்லு வேலை, தினமும் முடியாது. அவ என்ன பண்ணா? ஒளிஞ்சிருந்தவங்களைத் தேடிப் போனா. யாரு யாருன்னு அவளுக்குத் தெரியும், நம்ம மூஞ்சி நமக்குத் தெரியாதா? மில்லு கேட்டுல, ரயில்வே யார்டுல, சந்தையில, பக்கத்துல போய் மெதுவா நம்ம பேச்சுல கேட்டா.

"அக்கா, வந்தா எங்க வீடும் போயிரும்."

"போயிரும்தான். நான் பொய் சொல்ல மாட்டேன்."

கொகல் ஊதற வெள்ளியன்னு ஒருத்தன் ரயில்வேயில கரி அள்ளிக்கிட்டு இருந்தான். குழலை ஓட்டுச் சந்துல சொருகி மறைச்சு வெச்சிருந்தானாம். அவனும் முடியாதுன்னுட்டான். "சரிப்பா. உன்னை யாருகிட்டயும் காட்டிக் குடுக்க மாட்டேன்"னு நஞ்சி வந்துட்டா.

மறுநாள் வேலை முடிஞ்சு அவ வேர்க்க விறுவிறுக்க ஆஸ்பத்திரிக்கு ஓடுறா. செல்லி கட்டிலண்டை ஒரு ஆளு உக்காந்திருக்கான். ரங்கன். அரை நாள் கூலியை விட்டுட்டு, ராகிக் களியைக் கிண்டி, கீரையைக் கடைஞ்சு, தூக்குப்போசியில கொண்டாந்திருக்கான். பொண்டாட்டியைப் பார்த்ததும், "களி கொஞ்சம் கட்டி தட்டிப்போச்சு"ன்னானாம். குடிசை போட்ட நாளுக்கு அப்புறம் அவகிட்டப் பேசுன முதல் பேச்சு அதுதான்.

செல்லி அந்தக் களியில ஒரு வாய் எடுத்தா. அதுக்கப்புறம்தான் அழுதா. அழுது ஓய்ஞ்சு கேட்டா: "என் புள்ளையை எங்க வெச்சிருக்காங்க? யாரும் சொல்லலையே."

எஸ்தரம்மா விசாரிச்சுச் சொன்னாங்க. மல்லனைப் புதைச்ச அதே இடம்தான், கேட்க ஆளில்லாதவங்களைப் புதைக்கிற சுவரோரம்.

அதுக்குள்ள ஒருத்தர் ரெண்டு பேருன்னு நம்ம ஆளுங்க வார்டுக்கு வர ஆரம்பிச்சிருந்தாங்க. சில பேரு முக்காடு போட்டுக்கிட்டு வந்தாங்களாம். செல்லி எந்திரிச்சு நடக்குற அளவுக்குத் தேறினதும், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவளைக் கூட்டிக்கிட்டு அந்தச் சுவரோரத்துக்குப் போனாங்க. மேளம் இல்லை. கொகல் இல்லை. ரங்கன் ஒரு காலித் தகர டின்னைத் தட்டுனான். நஞ்சி தம்பி பேரைச் சொல்லி ஆட்டத்துக்கு அடி எடுத்து வெச்சா.

அப்ப சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து கொகல் சத்தம் கேட்டுச்சாம்.

வெள்ளியன். உடம்பெல்லாம் கரி, வேலையில இருந்து நேரா வந்திருக்கான். வாயில குழலை வெச்சு ஊதிக்கிட்டே ரோட்டு வழியா, பட்டப்பகல்ல, டவுனே பார்க்க நடந்து வர்றான். அவன் பின்னாடி, சத்தம் கேட்டு வந்தவங்க. சுவரோரம் நின்னு தயங்குனாங்க. ஒரு கிழவன் முதல்ல உள்ள வந்து, "நான் ஆலம்பதி"ன்னான். அப்புறம் ஒருத்தி அவ பதியைச் சொன்னா. அப்புறம் இன்னொருத்தன். சொல்லிச் சொல்லி உள்ள வந்து ஆட்டத்துல சேர்ந்தாங்க. மல்லனுக்கும் பேரு வைக்காத அந்தப் புள்ளைக்கும் சேர்த்து ஆடுனாங்க. செல்லி ஆடலை, நடுவுல உக்காந்து மண்ணைத் தடவிக்கிட்டே இருந்தா.

அந்த வாரமே நிறையப் பேருக்கு வீடு போச்சு. அதையும் சொல்லித்தான் ஆகணும். அவங்க எல்லாரும் கரிமேட்டுக்கு வந்தாங்க. நஞ்சி மேல கோவப்பட்டவங்களும் உண்டு, மலைக்கே திரும்பிப் போனவங்களும் உண்டு. இருந்தவங்க குடிசைக்குக் குடிசை கை குடுத்தாங்க. செல்லி புருசன் காளானைத் தேடிப் புடிச்சுக் கூட்டியாந்தாங்க. ஆம்பளைங்க முறை போட்டு அவன்கூட உக்காந்தாங்க, தனியா விடலை. அவன் திருந்துனான், மறுபடி விழுந்தான், மறுபடி தூக்கி உக்கார வெச்சாங்க. அவனுக்கும் செல்லிக்கும் அப்புறம் புள்ளைங்க பொறந்துச்சு. மூத்தவளுக்கு நஞ்சின்னுதான் பேரு.

நஞ்சி சாகுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை தவறுனதில்லையாம். வயசாகி நடக்க முடியாமப் போனப்ப, போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்புவாளாம்: "எடுத்ததும் அவங்க பேரைக் கேட்காதீங்க. உங்க பேரை, உங்க பதியை முதல்ல சொல்லுங்க. ஒளிஞ்சிருக்கிறவங்களுக்கு உங்களைத் தெரியட்டும்."

அதனாலதான் இன்னிக்கும் கரிமேட்டுல வீட்டுக்கு ஒரு வாரம் முறை. அந்த ஆஸ்பத்திரி மாடி மேல மாடியா வளர்ந்துபோச்சு. இப்ப வாசல்ல நின்னு கத்த விடமாட்டாங்க, வார்டு வார்டாப் போய் மெதுவாச் சொல்றோம். கிழக்கு வாசலுக்குப் போர்டுல என்ன எழுதியிருந்தாலும், நம்ம சனத்துக்கு அது கூப்பாட்டு வாசல்தான். ஆட்டோக்காரங்ககூட இப்ப அப்படித்தான் சொல்றாங்க, ஏன்னு அவங்களுக்குத் தெரியாது.

பல வாரம் யாரும் பதில் சொல்றதில்லை. அதுக்காக யாரும் போகாம இருந்ததில்லை. இந்த வாரம் எங்க வீட்டு முறை.