பாலில் அவித்த கிழங்கு

"கிழங்கைத் தின்ன மனுசனுக்கு ஒண்ணும் ஆகல. பாலைக் குடிச்ச எனக்குல்லா ரெண்டு நாளா வயித்தால போச்சு!"

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு மாட்டிய தென்காசி பஸ், அடுப்பு சூடேறுவதற்காகக் குற்றாலத்தில் நின்றிருந்தது. எனக்கு முன் பெஞ்சில், ஒரு வடகரைக்காரி மருந்துக் கிழங்கு வியாபாரியைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருசனின் இடுப்பு வலிக்கு அமுக்கராங்கிழங்கு விற்றவர் அவர்தான்.

"எந்தப் பால், தாயி?"

"கிழங்கைப் பால்ல அவிச்சு, காயவச்சுப் பொடிச்சுக் குடுன்னு நீருதான சொன்னீரு? அவிச்ச பாலுல கருப்பட்டி போட்டுக் குடிச்சேன்."

"ஐயையோ! அதைக் கீழ கொட்டணும். கிழங்குல உள்ள நஞ்செல்லாம் அந்தப் பால்லல்லா எறங்கும்!"

"கொட்டச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னீரா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"ஒரு படி பாலைச் சாக்கடையில ஊத்துதவ எந்த ஊர்ல இருக்கா?"

வியாபாரி பேச்சை மாற்றினார். "அண்ணாச்சிக்கு இடுப்பு எப்படி இருக்கு?"

"பதினஞ்சு நாளாத் தின்னுதாரு. குனிஞ்சு செருப்பை எடுக்க முடியல."

"பத்தியம் தப்பியிருப்பாரு."

"பத்தியச் சோறு பொங்கிப் போடுதவளே நான்தான்! நஞ்சு பால்ல எறங்குச்சுன்னா மருந்தும் அதுலதான எறங்கியிருக்கும்? அப்போ எம் புருசனுக்கு வித்தது என்னத்த, விறகையா?"

வியாபாரி கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாரலில் இறங்கினார். அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"மூட்டையை இங்கன வச்சிட்டுப் போவும்! அடுப்புல போட்டா பஸ்ஸாவது ஓடும்!"