செவலியின் நோட்டு

— ரத்த அணுவை மூணு தடவை எண்ணச் சொல்லிட்டேன் அப்பாசாமி. அதே நம்பர்தான் வருது. நம்பவே முடியல.

— இன்னா ஜெனிஃபர் மேடம், கல்லத் தூக்கிப் போடறீங்க? செவலிக்கு எதுனா ஆயிடிச்சா? தோ, டேபிள் மேல வால ஆட்டிகினு நல்லாத்தான கீது?

— நல்லா இருக்கு. அதான் அதிர்ச்சி. இந்த மாத்திரை உள்ள போனா ரத்தத்துல வெள்ளை அணு குறையும். என்கிட்ட இதே வைத்தியத்துல இருக்கற மத்த அஞ்சு நாய்க்கும் பாதிக்குப் பாதி இறங்கிடுச்சு. உங்க செவலிக்கு ஆறு வாரமா ஒரு சொட்டு இறங்கல. குட்டி நாய் ரத்தம் மாதிரி இருக்கு.

— அப்போ நல்லதுதான மேடம்?

— வெறும் நல்லதா? நாலு வருஷமா இதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். மாத்திரை புத்துநோயைக் கொல்லும், கூடவே நல்லதையும் கொல்லும். அந்தச் சேதத்தைச் சரிக்கட்டத்தான் இன்னொரு நாயோட கொழுப்புலேர்ந்து ஸ்டெம் செல் எடுத்து, வளர்த்து, செவலிக்கு டிரிப்ல ஏத்தினோம். ரெண்டும் சேர்ந்து இப்படி வேலை செய்யும்னு நானே நினைக்கல. காலைல சென்னைக்கு, எங்க பெரிய டாக்டருக்கு மெயில் போட்டுட்டேன்.

— சத்தியமா மேடம், இத்த சொன்னா நான் ஓட்டற ஷிப்டு பஸ்ல ஒருத்தனும் நம்ப மாட்டான். கல்பாக்கம் ஆளுங்க அல்லாரும் தெனம் ஏறும்போதே "அப்பாசாமி, நாய் எப்டி கீது"ன்னுதான் கேக்கறாங்க. தெரு நாய்க்கு இவ்ளோ வைத்தியமான்னு சிரிச்சவன்லாம் இப்ப பிஸ்கோத்து வாங்கி குடுக்கறான்.

— ஒரு நிமிஷம். ஆடாமப் புடிங்க. வயித்தைப் பாக்கணும். அந்த ஜன்னலைச் சாத்துங்க, கல்லு அறுக்கற மிஷின் சத்தத்துல இவ மிரளுறா.

— சாத்திட்டேன். செவலி, கம்முனு இருடி... இன்னா மேடம், கை அங்கியே நின்னுடுச்சி?

— ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்தோமே, அதுக்குக் கீழ் காம்புகிட்ட. மிளகு சைஸ்ல ஒண்ணு. இல்ல, ரெண்டு.

— அய்யோ. திரும்பவுமா?

— திரும்ப வந்திருக்கு. இது எப்படி? ரத்தம் இவ்வளவு நல்லா இருக்கு, கட்டி மட்டும் வளருது. ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லையே. அப்பாசாமி, மாத்திரை ஒழுங்கா உள்ள போகுதுல்ல?

— இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? எல்லம்மாதான் குடுக்குது. நான் அஞ்சு மணிக்கே பஸ் எடுக்க பூடுவேன். என் சம்சாரம் கையால குடுத்தாதான் செவலி வாயத் தெறக்கும். அது ஒரு வேலைய எடுத்துகிச்சின்னா எடுத்துகிச்சிதான், ஒரு நாளு தப்பாது. தோ, நீங்க குடுத்த நோட்டு. ஒரு கட்டம் காலி கெடியாது, பாருங்க.

— நீங்களே படிங்க. நான் இவளைப் பாத்துக்கிட்டே கேக்கறேன்.

— "மொத வாரம். சோறு எறங்கல. காலைல வாந்தி."

— வாந்தியா? இவ ஒன்றரைக் கிலோ ஏறியிருக்காளே.

— எனுக்கும் அதான் புரியல. நேத்துகூட புதுப்பட்டினம் மார்க்கெட்ல வாங்கியாந்த காரப்பொடி மீனு தலயெல்லாம் இதான் துன்னுச்சி.

— சரி, அடுத்தது.

— "மூணாவது வாரம். நீர் எரிச்சல். செவப்பா போவுது."

— அது இந்த மாத்திரை பண்ற வேலைதான். தண்ணி நிறைய குடுங்கன்னு அதுக்குத்தான் சொன்னேன். ஆனா இன்னைக்குப் புடிச்ச மூத்திரம் சுத்தமா இருக்கு. அப்புறம்?

— "நாலாவது வாரம். வாயெல்லாம் கசப்பு."

— என்னது?

— வாயெல்லாம் கசப்புன்னு எழுதிகீது.

— வாய் கசக்குதுன்னு செவலி சொல்லிச்சா?

— அது செவலியாண்ட பேசிகினே இருக்கும் மேடம். எங்கிட்ட பேசறத வுட அதுங்கிட்டதான் ஜாஸ்தி. மூஞ்சப் பாத்து கண்டுபுட்ச்சிருக்கும்.

— அடுத்த வரியைப் படிங்க.

— "புளி கொதிக்கற வாசன ஆவல." இன்னாடா இது... "அஞ்சாவது வாரம். தல வாரினா முடி சீப்போட வருது."

— அப்பாசாமி.

— எங்க வூட்ல நாயிக்கு சீப்பு கெடியாது மேடம்.

— எல்லம்மா எங்க?

— வெளிய நம்ம ஆட்டோவுல குந்திகினு கீது. படி ஏற முடியல, நீயே தூக்கினு போன்னுச்சி. வயசாவுதில்ல, நாப்பத்தியேழு ஆவுது...

— தலைல துணி ஏதாவது கட்டியிருக்காங்களா?

— முக்காடு போட்டுகினுதான் கீது. வெயிலுன்னு சொன்னா. பத்து நாளா வூட்டுக்குள்ளயும்... மேடம். மேடம், நீங்க இன்னா சொல்ல வரீங்க?

— போய்க் கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க, கையைப் புடிச்சுக்குங்க.

— எல்லம்மா! ஏ எல்லம்மா! எறங்கு. இல்ல, எறங்காத, தோ வரேன்!

— பாத்து. மெதுவா. உக்காருங்க எல்லம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?

— வாணாம் டாக்டரம்மா. செவலி எப்டி கீது?

— செவலி கெடக்கட்டும். இன்னாமே, மாத்திர எதுனா மாறிப்பூட்ச்சா? உன் பிரசரு மாத்திரயும் நாய் மாத்திரயும் ஒரே டப்பாவுல வெச்சி, தெரியாம மாத்தி துன்னுட்டியா? சொல்லு, மேடம் திட்ட மாட்டாங்க.

— மாறல.

— பின்ன?

— தெரிஞ்சேதான் துன்னேன்.

— எவ்வளவு? எல்லம்மா, என்னைப் பாத்துச் சொல்லுங்க. தினமும் எவ்வளவு?

— செவலி பதினெட்டு கிலோ, அதுக்கு அர மாத்திர. நான் அம்பத்திநாலு. கணக்குக்கு ஒன்ற ஆவுது. உள்ளதச் சொல்றேன் டாக்டரம்மா, ஒரு நாளும் கூட துன்னல.

— நான் நாய்க்கு அளந்துதானே குடுத்தேன். மிச்சம் ஏது?

— நீங்க எழுதின சீட்ட மெடிக்கல் ஷாப்புல காட்டினேன். "எத்தினி நாயிமா வளக்கற"ன்னு கேட்டான். மூணுன்னேன். குடுத்துட்டான்.

— ஆண்டவரே.

— நாய் மாத்திரய எதுக்குமே துன்ன? உனுக்கு புத்தி கித்தி கெட்டுப்பூட்ச்சா?

— நாய் மாத்திர இல்ல அது. டாக்டரம்மா மொத நாளு சொன்னாங்களே, நீயும்தான நின்ன? "இது நாய்க்குன்னு செஞ்சது இல்ல, மார்ல கட்டி வந்த பொம்பளைங்களுக்குப் பெரியாஸ்பத்திரில குடுக்கற அதே மாத்திர, தைரியமா குடுங்க"ன்னு.

— நான் சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். மட்ட மருந்துன்னு நினைச்சு நிறுத்திடுவீங்களோன்னு சொன்னேன்.

— இருங்க மேடம். இருங்க. மார்ல கட்டி வந்த பொம்பளைங்களுக்குன்னா, இவளுக்கு எதுக்கு அது? எல்லம்மா? இன்னாமே, தலய குனிஞ்சிகினா இன்னா அர்த்தம்?

— அப்பாசாமி, செவலியைப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. எல்லம்மா, நான் மிருக டாக்டர்தான். மனுஷங்களைப் பாக்கற உரிமை எனக்கு இல்ல. ஆனா என் கைக்குத் தெரியும். எந்தப் பக்கம்?

— எடது.

— கையைத் தூக்குங்க. வலிக்குதா?

— இல்ல.

— அக்குள்ல?

— அங்க லேசா.

— உடம்பு கொதிக்குதே! எப்பலேர்ந்து காய்ச்சல்?

— முந்தாநேத்துலேர்ந்து. நோட்டுல எழுதிகீறேன், கடைசி கட்டத்துல.

— இந்தக் கட்டி?

— பொங்கலுக்கு வூடு வெள்ளையடிக்க சொல்லோ கைல தட்டுபட்ச்சி. எலந்தப்பழம் கணக்கா இருந்திச்சி. மாத்திர துன்னா கரையும்னு பாத்தேன். கரையல. டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த டிரிப்பு இல்லாததாலதான் கரையலையா? மாத்திரயும் செல்லும் சேந்தாதான் வேலன்னு சொன்னீங்க. மாத்திர எனுக்கு கெடச்சிது, செல்லு செவலிக்கு ஏறிடிச்சி. அதுல கொஞ்சம் மிச்சம் கீதா?

— அது நாயோட செல் எல்லம்மா! உங்களுக்கு ஏத்தவே கூடாது. நாய்க்கே அது உதவுமா உதவாதான்னு இன்னும் யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. அதைப் பாக்கறதுக்குத்தான் இந்த நோட்டே குடுத்தேன்.

— அதான் நோட்டுல பொய் எழுதல. "மாத்திர உள்ள போனப்பறம் இன்னா ஆவுதோ, உள்ளத உள்ளபடி எழுதுங்க, இத்தப் பாத்துதான் நாளைக்கு நாலு ஜீவன் பொழைக்கும்"னு சொன்னீங்க. உள்ள போனது எனுக்கு. எனுக்கு ஆனத எழுதினேன்.

— செவலிக்கு ஒண்ணுகூடக் குடுக்கலையா?

— மொத நாளு குடுத்தேன். பொழுதுக்கும் வாந்தி எடுத்துகினே கெடந்துச்சி. வாயில்லாதது, வலிச்சாலும் சொல்லாது. நான் துன்னு பாத்து, தாங்கிச்சின்னா அப்பால அதுக்கு குடுக்கலாம்னு இருந்தேன்.

— நாய்க்குக் குடுத்துப் பாத்துட்டு மனுஷனுக்குக் குடுப்பாங்க, எல்லம்மா. நீங்க...

— செவலிக்கு கட்டி திரும்ப வந்துச்சின்னு படி ஏற சொல்லோ இவுரு சொன்னாரு. என்னாலதான?

— அவளை நான் பாத்துக்கறேன். அவ இங்கேயே இருக்கட்டும், இன்னைக்கே ஆரம்பிக்கறேன். இப்ப நீங்க பேசாதீங்க, ஒரு போன் பண்ணணும்... ஹலோ, சுஜாதா? ஜெனிஃபர் பேசறேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிலதானே இருக்க? ஒரு பேஷன்ட் அனுப்பறேன். நாய் இல்லடி, பொம்பளை. ஆறு வாரமா கீமோ மாத்திரை, டாக்டர் இல்லாம, ரத்தப் பரிசோதனை இல்லாம. ரெண்டு நாளா காய்ச்சல். இடது மார்ல கட்டி, அக்குள்லயும் இருக்கு. ஆமா, என் சீட்டுலதான் வாங்கியிருக்காங்க. ஆமா, என் பேர்லதான். அதை அப்புறம் பேசலாம், முதல்ல பெட் ரெடி பண்ணு. அரை மணில வந்துடுவாங்க, நானும் கூட வரேன்.

— மேடம், கட்டினா அதேதானா? செவலிக்கு வந்த அதேவா?

— டெஸ்ட் எடுக்காம யாரும் சொல்ல முடியாது அப்பாசாமி. ஆனா இப்ப அதைவிடக் காய்ச்சல்தான் அவசரம். உடம்புல எதிர்த்து நிக்க வெள்ளை அணு இருக்குமான்னே தெரியல. நோட்டை எடுத்துக்குங்க. அங்க இருக்கறவங்க இதை முதல் வரியிலேர்ந்து படிக்கணும். ஆட்டோவை எடுங்க.

— நீ போயா, உனுக்கு மூணு மணிக்கு ஷிப்டு வண்டி கீது. நாளைக்கு பாத்துக்கலாம்.

— ஷிப்டு நாசமாப் போவுது! ஏன்மே எங்கிட்ட சொல்லல?

— அப்பாசாமி, வழியில கேட்டுக்கலாம்.

— இல்ல மேடம், இப்பவே கேக்கணும். பொங்கல்லேர்ந்து பக்கத்துல படுத்துகினு கீறேன். இவ வாந்தி எடுத்துகீறா, முடி கொட்டிகீது, எனுக்கு ஒண்ணும் தெரியல. நான் இன்னா ஊரான் வூட்டு ஆளா? ஏன் சொல்லல?

— வுடுயா.

— வுட மாட்டேன். சொல்லு.

— பொங்கல்ல அது இன்னான்னே எனுக்குத் தெரியாது. செவலிக்கு புத்துன்னு டாக்டரம்மா வெவரமா சொல்லச்சொல்லதான் எனுக்கும் அதான்னு புரிஞ்சிது.

— அப்பயாவது சொல்றதுக்கு இன்னா? எதுருலதான நின்னேன்?

— எதுருலதான் நின்ன. அன்னிக்கு வெளிய வந்து, நாய மடில போட்டுகினு, ஆட்டோ ஹாண்டில்ல தலய வெச்சிகினு அழுத. இருவத்தாறு வருசத்துல நீ அழுது நான் பாத்தது அன்னிக்குதான். உங்கம்மா செத்ததுக்கே நீ அழல.

— அதுக்கு?

— எனுக்கும் அதான்யான்னு வாய் வரிக்கும் வந்துச்சி. எனுக்குன்னு சொன்னா நீ அழ மாட்டியோன்னு பயந்துட்டேன்.