மலிவாய் வந்த படகு

மாலை ஆறே முக்கால் மணி. ஏரியைச் சுற்றிப் போகும் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் முள்காடு. பதினான்கு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. அந்தச் சாலையில்தான் அவர் வந்துகொண்டிருந்தார்... வண்டிக்குப் பின்னால், ட்ரெய்லரில், அன்றைக்கு வாங்கிய படகு.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது எங்கள் பட்டறை எலக்ட்ரீஷியனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. ஃபிரிட்ஜ் மெக்கானிக். கதை கட்டுகிற ஆளே இல்லை; ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தால்கூட இரண்டாவது வரியில் மறந்துவிடுவார்.

வண்டி இழுக்கவில்லை. ஃபைபர் படகு அது, நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். ஆனாலும் மேட்டில் ஏறும்போது மூட்டை ஏற்றியதுபோல முக்கியது. கண்ணாடியில் பார்த்தார். படகை மூடியிருந்த தார்ப்பாய் பின்பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் சாலையைப் பார்த்தார்... மழை பெய்து மூன்று மாதம். சுற்றிலும் சருகாய்க் காய்ந்து கிடக்கிறது. ட்ரெய்லருக்குப் பின்னால் மட்டும், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரு ஈரக் கோடு.

அவர் வீட்டுக் கொட்டகையில் ஏற்கெனவே ஒரு படகு இருந்தது. மாமனார் விட்டுப்போன மரப்படகு. ஐந்து வருஷமாக அவரும் மனைவியும் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மட்கிய பலகையைப் பிடுங்குவது, புதுசு அறைவது, இடுக்கில் பஞ்சு திணிப்பது. மனைவி தையல் வேலை பார்ப்பவர். உப்புத்தாளைக் கையில் எடுத்தால் ஓய மாட்டார். இன்னும் ஆறே பலகைதான் பாக்கி. அங்கே வந்து இவருக்கு அலுத்துவிட்டது.

"கரை சேர்ற நேரத்துல துடுப்பை விடுறீங்களே," என்றார் மனைவி.

"ஆறு பலகை முடியறதுக்குள்ள எனக்கு அறுபது வந்துடும். நான் தண்ணியில போகணும். கொட்டகையில இல்ல."

விற்றவர் எதிர்க்கரையில் ஒரு மரக்கடை முதலாளி. பெரிய வீடு, சொந்தப் படகுத்துறை. கேட்ட விலையோ சந்தை விலையில் பாதிகூட இல்லை. ஆள் படகின் பக்கமே வரவில்லை. வாசற்படியில் வைத்தே விற்ற பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, நின்றபடி சாவியைத் தூக்கிப் போட்டார்.

"ஏன் சார் இவ்வளவு மலிவு?"

"எனக்குத் தண்ணி ஒத்துக்கல. ஒண்ணே ஒண்ணு... மறுபடியும் இந்தக் கரைக்கு மட்டும் கொண்டுவந்துடாதீங்க."

மலிவாய்க் கிடைத்த சந்தோஷத்தில் அது இவர் காதில் ஏறவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றதுமே மனைவி மூக்கைச் சுளித்தார். "யாரோட துணிங்க இது? நாள்கணக்குல ஊறினாப்ல நாறுது." தார்ப்பாயை உருவினார்கள். துணி இல்லை. ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

மறுநாள் காலை, நல்ல வெயில். படகை இறக்கினார். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் தானாக இடப்பக்கம் திரும்பியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். கேட்கவில்லை. எஞ்சினை அணைத்தார். படகு நிற்கவில்லை... எதிர்க்காற்றில், அந்த முதலாளி வீட்டுத் துறையைப் பார்த்து, மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது.

அடியிலிருந்து ஒரு சத்தம். டப்... டப்... கட்டை மோதுகிற சத்தம் இல்லை. விரித்த உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். அவர் பாதத்துக்கு நேர் கீழே.

துடுப்போடு மல்லுக்கட்டிக் கரை சேர இரண்டு மணி நேரம் ஆனது. மனைவி கரைக்கு வந்தார். படகைச் சுற்றி வந்து, பின்பக்க விளிம்பில் குனிந்து நின்றார்.

"இங்க மட்டும் பெயிண்ட் புதுசு."

உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் பெயிண்டுக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை நோக்கி இறங்கிய கீறல்கள். எட்டு.

"பாறையில உரசியிருக்கும்," என்றார் இவர்.

"பாறை இப்படி நாலு நாலா உரசுமா?"

ஒவ்வொரு கீறலுக்கும் மேலே, விளிம்பில் ஒரு நசுங்கல், பிறை வடிவத்தில். அது என்னவென்று இவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பிடிக்கிற கை ஆயிற்றே... ஸ்பேனரின் தலை.

மனைவி தன் விரல்களை அந்தக் கீறல்கள்மேல் வைத்துப் பார்த்தார். நெருப்பில் பட்டதுபோல இழுத்துக்கொண்டார். "தொங்கிக்கிட்டு இருந்தவன் விரல்ல அடிச்சிருக்காங்க," என்றார். "ஒவ்வொரு விரலா."

இவர் முதலாளிக்கு ஃபோன் போட்டார். எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடியும் படகை இறக்கினார். "திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்." எஞ்சினைத் தொடவே இல்லை. வழி படகுக்குத் தெரிந்திருந்தது.

முதலாளி துறைக்கே ஓடிவந்தார். "யோவ்! அதை ஏன்யா இங்க கொண்டு வந்த?"

"நான் கொண்டு வரல சார்," என்றபடி இவர் துறையில் ஏறினார். "யார் விரலை அடிச்சீங்க?"

முதலாளி இவரைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த பின் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு கோணியது.

"குட்டி... அண்ணன் சொல்றேன்ல... கடையில பாதி உனக்குத்தான்டா... இப்பவே எழுதித் தரேன்டா தம்பி..."

அப்போது அவருடைய வலது கை தானாக முன்னால் நீண்டது. மணிக்கட்டைச் சுற்றிச் சட்டை மட்டும் ஈரமானது... பிடித்த அளவுக்கு. ஒரு அடி. இன்னொரு அடி. கால் பலகையில் தேய்ந்துகொண்டே போனது. தடாலென்று படகுக்குள் விழுந்தார். படகு நகரத் தொடங்கியதும் பாய்ந்து துறையின் பலகையைப் பற்றிக்கொண்டார். கால் படகுக்குள், உடம்பு தண்ணீர்மேல் இழுபட்டுக் கிடந்தது.

"கை குடு! கை குடுய்யா!"

குனிந்தால் பிடித்திருக்கலாம். மெக்கானிக் அந்த விரல்களைப் பார்த்தார். காலையில் தன் மனைவி கீறல்மேல் வைத்த விரல்களை நினைத்தார். பிறகு... இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

பலகையிலிருந்து பிடி நழுவியது. படகு அவரோடு மங்கலுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நடு ஏரியிலிருந்து இரும்புச் சத்தம். டங்... டங்... நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு. எட்டு முறை. கூடவே ஒரு அலறல், நாலாவதோடு நின்றுவிட்டது.

மறுநாள் படகு கிடைத்தது, உள்ளே காய்ந்து. முதலாளி கிடைக்கவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள்.

மனைவி ஒரே ஒரு முறை கேட்டார். "நீங்க கை குடுக்கலையா?" இவர் கொட்டகைக்குள் போய் வேலையை ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் ஆறு பலகையும் முடிந்தது. மரப்படகு இப்போது ஏரியில் ஓடுகிறது. ஓட்டுவது மனைவிதான். அவர் கரையோடு நின்றுவிடுவார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, விற்ற பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். எழுதும்போது இரண்டு பேர்தான் இருந்தோம் என்று இவர் சத்தியம் செய்தார். ஆனால் சாட்சி என்று போட்ட இடத்தில் மூன்றாவதாக ஒரு கையெழுத்து இருந்தது. முதலாளியின் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அந்த அம்மா பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இது என் கொழுந்தன் கையெழுத்து. அவர் ஏரியில தவறி விழுந்து செத்து ரெண்டு வருஷமாச்சே..."

அதிகாரி பத்திரத்தை மடித்தார். மடித்த பிறகுதான் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நீலமாக இருந்தது.

மை இன்னும் காயவில்லை.