விடுபட்ட முந்நூற்றொன்பது பேரைத் தேடிய கணக்கம்மாவுக்கு

கறாரும் கனிவும் கைகோத்த கணக்கம்மா அவர்களே! முப்பத்திரண்டு ஆண்டுகள் இம்மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் பிழை பொறாத விழியோடும் பிறர் மனம் நோகாத மொழியோடும் பணியாற்றி, இன்று விடைபெறும் எங்கள் தலைவியே! வணக்கம்.

உங்கள் பொறுமையையும் நேரந்தவறாமையையும் பத்தி பத்தியாகப் புகழ்ந்து ஒரு மடல் எழுதி வைத்திருந்தோம். போன மாதம் நடந்ததற்குப் பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டோம். அந்த அதிர்ச்சி இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை அம்மா!

சர்க்கரை நோயாளிகளின் ஐந்தாண்டுத் தரவைப் புள்ளியியல் மாதிரியில் ஓட்டினோம். தொழிலாளர்கள் வாழும் ஆலைப் பகுதிக்கும் வசதியானவர்கள் வாழும் பூங்காப் பகுதிக்கும் நோயின் பாதிப்பில் வித்தியாசமே இல்லை என்று விடை வந்தது. அதை நம்பி, இனித் தனிக் கவனிப்பு தேவையில்லை என்று ஆலைப் பகுதிக் கிளினிக்கை மூட நிர்வாகம் முடிவெடுத்தது. கடைசிப் பரிசோதனைக்கு வராதவர்களின் தரவு வரிகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுவது எங்கள் பழக்கம். "வராதவங்க எங்க போனாங்க?" என்று கேட்டீர்கள். "வேற ஊருக்குப் போயிருப்பாங்கம்மா" என்றோம், வாய் கூசாமல்!

நீங்களே போனை எடுத்தீர்கள். ஸ்பீக்கரில் போட்டீர்கள். "அவருக்குக் காலை எடுத்துட்டாங்க. மாடிப்படி இறங்க முடியல" என்றார் ஒரு மனைவி. அடுத்த எண்ணில் ஒரு மகள்: "அம்மா போயி ஏழு மாசம் ஆச்சுங்க. இன்னிக்குத்தான் விசாரிக்கிறீங்களா?" ஐயோ, நோய் முற்றியவர்களையும் இறந்தவர்களையும் அல்லவா அரைகுறைத் தரவு என்று அழித்திருக்கிறோம்! அப்படி நீக்கிய முந்நூற்றொன்பது பேரில் இருநூற்று நாற்பது பேர் ஆலைப் பகுதிக்காரர்கள். அவர்களையும் சேர்த்து ஓட்டினால், பூங்காப் பகுதியைவிட அங்கே மரணம் மும்மடங்கு! அந்தக் கணக்கோடு நேரே இயக்குநரிடம் போனீர்கள்.

"ஓய்வு பெறுற நேரத்துல உங்களுக்கு ஏம்மா இந்த வம்பு?" என்றார் இயக்குநர். "நம்ம தப்பை வெச்சு கிளினிக்கை மூடினா, நான் எப்படி சார் வீட்ல போய் நிம்மதியா உக்காருவேன்?" என்றீர்கள். மூடும் உத்தரவு அன்று மாலையே ரத்தானது. உங்கள் துணிவே துணிவு!

நீண்ட ஆயுளை வேண்டி முடிப்பது இத்தகைய மடலின் மரபு. ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு ஆயுள் மாறுவதைக் கண்ணால் கண்ட பிறகு, அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மனதார வாழ்த்துகிறோம்: நோயின்றி நூறாண்டு வாழுங்கள் அம்மா!

அந்த மகளிடம் மன்னிப்புக் கேட்க நேற்று நேரில் போனோம். கதவைத் திறந்தார். சொன்னதையெல்லாம் கேட்டார். உள்ளே வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.

இங்ஙனம்,
அந்த வரிகளை நீக்கிய
புள்ளிவிவரப் பிரிவு ஊழியர்கள்