அப்பாவின் தண்ணீர் முறை

எங்கள் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய்கள் தரமானவை. திறந்தால் சத்தமே வராது. அப்பா முதல்முறை அவற்றைத் திறந்துவிட்டது செவ்வாயா புதனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குச் சில விஷயங்கள் முன்னும் பின்னுமாகத்தான் நினைவிருக்கின்றன. தப்பாக இருந்தால் நீங்களே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பு வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் எங்கள் வயலின் முறை. வயல் போய், அங்கே எழும்பிய அடுக்குமாடியிலேயே நாங்கள் குடியேறிய பிறகும், அப்பாவின் உடம்பு அந்த நாளை மறக்கவில்லை. நான் வேலை முடிந்து வந்தபோது எல்லாக் குழாய்களும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா போர்வைகளைச் சுருட்டி வரப்புப் போட்டிருந்தார்.

"ஹால் பாய்ஞ்சிடுச்சுடா. இனி உன் ரூமுக்குத் திருப்பணும். செருப்பைக் கழட்டிட்டு வா."

கீழ்வீட்டு டீச்சர் படியேறி வந்தார். "என் கட்டில் மேல மழை பெய்யுது சார். விதை போட்டா சொல்லுங்க, அறுக்க வர்றேன்."

"உங்க பங்கு உங்களுக்கு வரும்மா, அவசரப்படாதீங்க" என்றார் அப்பா.

நிலத்தை விற்கச் சொன்னது நான். 'இனிமே உட்கார்ந்து சாப்பிடுங்கப்பா' என்றேன். உட்கார்ந்தார். சர்க்கரை வந்தது, ரத்த அழுத்தம் வந்தது, கால் வீங்கியது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேலை பார்த்தே பழகின உடம்பு. ஒரு துண்டு மண்ணாவது கொடுங்க." தூக்கம் வராத நாளுக்கு மட்டும் என்று பாதி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

மண் என்னிடம் இல்லை. மாத்திரை இருந்தது.

முறை நாளில் மட்டும் காலைத் தேநீரில் கலந்தேன். மத்தியானம் முழுக்கத் தூங்கினார். வீடு காய்ந்திருந்தது. டீச்சர் என்னைப் பார்த்து மறுபடி புன்னகைக்கத் தொடங்கினார். பிறகு அப்பாவுக்கு நாள் குழம்பி, எல்லா நாளும் முறை நாளாகிவிட்டது. அதனால் தினமும் கொடுக்க வேண்டியதாயிற்று. அவருக்குத் தூக்கமே இல்லை என்று டாக்டரிடம் சொல்லி இன்னும் வாங்கினேன். படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்தது. அதற்கு மருந்து போட்டதும் நான்தான். என் மனைவியைக்கூடத் தொட விடவில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, நகரம் இன்னும் எட்டாத இடத்தில் காய்கறி போடுகிறாள். ஒரு நாள் வந்து பார்த்தாள். "என்னடா, எங்கண்ணனை இப்படி வதக்கி வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு அவர் காதருகே குனிந்தாள். "அண்ணே, என்கூட வர்றியா? களை மண்டிக் கிடக்கு. ஆள் கிடைக்கல."

அப்பா கண்ணைத் திறந்தார். "மண்வெட்டி இருக்கா?"

மறுநாள் வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் நிதானமாக யோசித்தேன். பெற்ற மகன் இவ்வளவு செய்தும் தேறாதவர், அங்கே போய்க் களை பிடுங்கி எழுந்து நடந்துவிட்டால், நாலு பேர் என்ன பேசுவார்கள்? நான் அவருக்காகச் செய்ததற்கெல்லாம் என்ன அர்த்தம்?

காலையில் அவர் தானாகவே சட்டை போட்டு, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். பட்டனை மாற்றி மாட்டியிருந்தார். சரிசெய்துவிட்டேன். பிறகு தேநீர் கொடுத்தேன். எத்தனை மாத்திரை என்று கேட்கிறீர்கள். வீட்டில் இருந்த அத்தனையும்.

"கசக்குதுடா" என்றார்.

சர்க்கரை போட முடியாதே, அவருக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக நானே குடிக்க வைத்தேன்.

அத்தை வந்ததும், "தூங்குறார், எழுப்பாதீங்க" என்றேன். அவள் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவை மின்மயானத்தில் எரித்தோம். மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். டீச்சர் வீட்டுக் கூரைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அத்தையின் நிலத்தையும் இப்போது விலைக்குக் கேட்கிறார்களாம், தர மறுக்கிறாளாம். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, வயதும் ஆகிறது. தண்டனை முடிந்து வெளியே வந்ததும் நான்தான் அவளை என்னோடு வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.