இரண்டாவது சாட்சி

பட்டப்பகல் பன்னிரண்டரை மணி. பரவை ஊரைத் தாண்டி, ஆள் அரவமில்லாத ரோடு. பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... உச்சிவெயிலும் அதன் நேரம்தான்.

எழுபத்தெட்டு, சித்திரை மாதம். சைக்கிளில் போனவர் என் சிநேகிதன் வெங்கட்ரமணனின் சித்தப்பா ஹாலாஸ்யம். காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். அறுநூறு வருஷத்துப் பழைய ஆங்கிலப் பாட்டுகளில் பொருள் விளங்காத சொற்களுக்கு வேர் தேடுவது அவர் ஆராய்ச்சி. சொல்லுக்கு ஒரு அட்டை. இரண்டு இடத்தில் வந்த சொல்லுக்குத்தான் பொருள் எழுதலாம். இரண்டாவது இடத்துக்குப் பெயர் சாட்சி.

ஒரு சொல்லுக்கு மட்டும் சாட்சி இல்லை. அந்தப் பாட்டில், தனிவழி போகிறவன் பின்னால் எதுவோ வருகிறது. அந்த எதுவோவுக்குப் புலவன் வைத்த பெயர். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆராய்ச்சியை ஒப்படைக்காவிட்டால் வேலை போய்விடும்.

"ஒரு சொல்லுக்காகவா நாம தெருவுல நிக்கணும்? எதையாவது எழுதிக் குடுத்துடுங்கோளேன்," என்று மனைவி விஜயம் அழுதாள்.

எழுதினார், பாவம். இல்லாத ஒரு சுவடியின் பெயரைச் சாட்சியாகப் போட்டார். பொருள்: காற்று. அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் டைப் அடிப்பவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

காற்றே இல்லை. பனை ஓலைகூட அசையவில்லை. பின்னால்... சளக்... சளக்... கொதிக்கிற தார் ரோட்டில் ஈரக்கால் வைத்து நடக்கிற சத்தம். நனைந்த கம்பளி நாற்றம். மழை பெய்து நாலு மாதமாகிறது.

வேகமாக மிதித்தார். சத்தம் அதே தூரத்தில். மெதுவாக மிதித்தார். அதே தூரம்.

"பொய்தான் எழுதினேன்... பொண்டாட்டி இருக்கா, விட்டுடு!"

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்து எறிந்தார். அது இல்லாமல் ஆராய்ச்சியை ஒப்படைக்க முடியாது; ஏழு வருஷ உழைப்பும் அதோடு போயிற்று. சத்தம் நின்றது.

வீட்டுக்கு வந்து, "போச்சுடி விஜயம், எல்லாம் போச்சு," என்று நாற்காலியில் விழுந்தார். மற்ற அட்டைகளையும் கொளுத்திவிடலாம் என்று பெட்டியைத் திறந்தார்.

கிழித்த அட்டை மேலாக இருந்தது. முழுசாக. தொட்டால் ஈரம்.

காற்று என்ற சொல் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கீழே அவருடைய கையெழுத்திலேயே... இரண்டாவது சாட்சி: ஹாலாஸ்யம், பரவை ரோடு, பகல் பன்னிரண்டரை.

மூன்றாவது சாட்சி: விஜயம்.

அந்த வரியில் இன்னும் மை காயவில்லை. அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏன்னா... யாரைக் கூட்டிண்டு வந்திருக்கேள்? தரையெல்லாம் ஈரக்காலா இருக்கே..."